பராக்குச் செய்திகள்: ஊர் ஒன்றைப் பேசும்போது நழுவிப்போகும் இன்னொன்று

2023 ஜூலையில் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு அந்த மாதம் லேசில் மறக்காது. 11ஆம் தேதி போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனை லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு கைது செய்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 17ஆம் தேதி நாடாளுமன்ற நாயகர் தான் சுவான் ஜின்னும் அவருடைய கட்சியின் இன்னோர் உறுப்பினரும் தகாத உறவு காரணமாகப் பதவி விலகினார்கள். அதே நாளில் பாட்டாளிக் கட்சியைச் சேர்ந்த இருவர் உணவகத்தில் நெருக்கமாக அமர்ந்திருந்த காணொளி பரவியது. இரண்டு நாளில் அவர்களும் விலகினார்கள். காப்பிக்கடை, எம்ஆர்டி ரயில், குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் அதே பேச்சுதான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்த கதை.

அதே ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டு ஊழியர்களை ஏற்றிச்சென்ற லாரிகள் விபத்தில் சிக்கி, பலர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊழியர் நலனுக்காகப் பாடுபடும் அமைப்புகளும் தனிமனிதர்களும் கைகோத்து, ஆட்களை லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிச் செல்வதை நிறுத்துங்கள் என்று அரசாங்கத்திடம் கோரிக்கை வைத்தார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி 20க்கும் மேற்பட்ட வர்த்தகச் சங்கங்கள் கூட்டாக அறிக்கை விட்டு, உடனே தடை செய்வது சரிப்படாது என்றன. மறுநாள் அமைச்சுகளும் ஏறக்குறைய அதையே சொல்லின: தடை போட்டால் சிறு நிறுவனங்கள் பல மூடவேண்டி வரும், வேலைகள் போகும், வீடு கட்டுவதும் ரயில் பாதை போடுவதும் தாமதமாகும் என்று.

அந்த மறுநாள்தான் ஆகஸ்ட் 2. நாடாளுமன்றத்தில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கைது பற்றியும் பதவி விலகல்கள் பற்றியும் அறிக்கை அளித்த நாள். ஊர் அன்று எதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்?

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நான் விளக்கவந்தது புரியும். பரபரப்பான ஒரு செய்தி வரும்போது, அதைவிட நம் வாழ்க்கையை அதிகம் தொடுகிற பொது விஷயம் ஒன்று கண்ணில் படாமல் போய்விடுகிறது. அப்படி நம் கவனத்தை இழுத்துக்கொள்வதைத்தான் பராக்குச் செய்தி என்கிறேன். பொய்ச் செய்தி என்றால் உண்மையைச் சொல்லித் திருத்தலாம். இங்கே இரண்டுமே உண்மை. இரண்டையும் பத்திரிகைகள் வெளியிட்டன. லாரி விஷயத்தை யாரும் தணிக்கை செய்யவில்லை. நம் கவனம் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

கவனம் ஏன் இவ்வளவு முக்கியம்? 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டோனல்ட் ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரைப் பேட்டி கண்டார்கள். நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன வரிசையும், செய்தி நிறுவனங்கள் எந்தெந்த விஷயத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்ற வரிசையும் ஏறக்குறைய அப்படியே பொருந்திப்போயின. 1972இல் வெளியான அந்த ஆய்வுதான், செய்திகள் நம் கவனத்தை எப்படித் திருப்புகின்றன என்று ஆராயும் துறைக்கே அடித்தளம். ஒரு விஷயத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று செய்திகளால் எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த விஷயத்தைப் பற்றி யோசிக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவைதான் தீர்மானிக்கின்றன.

கவனம் திசைமாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு இன்னோர் ஆய்வைச் சொல்லவேண்டும். தாமஸ் ஐசென்சே, டேவிட் ஸ்ட்ரோம்பெர்க் ஆகிய இருவரும் 1968 முதல் 2002 வரை உலகெங்கும் நடந்த சுமார் 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்துக்கொண்டு, எவற்றுக்கெல்லாம் அமெரிக்க அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது என்று பார்த்தார்கள். ஒலிம்பிக் போட்டி நடக்கும்போது நேர்ந்த பேரிடர்கள் தொலைக்காட்சிச் செய்தியில் இடம்பிடிப்பது குறைந்தது. செய்தியில் வராதபோது நிவாரணம் கிடைக்கும் வாய்ப்பும் குறைந்தது. இதில் சதிகாரன் யாரும் இல்லை. வெள்ளத்தை மறைப்பதற்காக யாரும் ஒலிம்பிக் நடத்துவதில்லை. ஆனாலும் எங்கோ ஒரு ஊரில் வீடிழந்து நின்றவர்களுக்கு உதவி வரவில்லை. என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பைப் பற்றி ஒரே ஒரு ஆய்வைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஏனென்றால் 'பராக்குக் காட்டுகிறார்கள்' என்றதும் நம்மில் பலர் உடனே தேடுவது காட்டுகிற கையைத்தான். யாரோ வேண்டுமென்றே இதைக் கிளப்பிவிட்டார்கள், அதை மறைக்கத்தான் இது வந்தது என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். அப்படி நடப்பதும் உண்டு. 2001 செப்டம்பர் 11ஆம் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் போக்குவரத்து அமைச்சரின் ஆலோசகர் ஜோ மோர் தன் அலுவலகத்தாருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நாம் புதைக்க நினைக்கும் எதையும் வெளியிட இன்று மிகவும் நல்ல நாள் என்பது அதன் சாரம். அது வெளியே கசிந்து, அவர் மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஆண்டு வேலையையும் விட்டார். சீனாவில் அரசாங்கத்துக்காகச் சமூக ஊடகத்தில் எழுதப்படும் பதிவுகளை கேரி கிங் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு சுமார் 448 மில்லியன் பதிவுகள் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பதிவுகள் அரசாங்கத்தைக் குறை சொல்பவர்களோடு வாதாடுவதே இல்லையாம். வாதாடினால் விஷயம் இன்னும் பெரிதாகும். அதனால் நாட்டின் பெருமையைப் பாடி, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

ஆனால் 2023 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்திகளால் அடிபட்டது ஆளும் மக்கள் செயல் கட்சி, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி இரண்டுமே. லாரி விஷயத்தை மறைக்க யாராவது தன் வீட்டுக்கே தீ வைப்பார்களா? சதி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, சொல்லவும் கூடாது. சதியைத் தேட ஆரம்பித்தால் அந்தத் தேடலே இன்னொரு பரபரப்பாகிவிடும், லாரி மறுபடியும் மறந்துபோகும்.

அந்த லாரியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். விடியற்காலையில் எந்த விரைவுச்சாலையில் போனாலும் பார்க்கலாம். திறந்த பின்பக்கத்தில் கால்களை மடக்கி நெருக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பை. கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய மதியச் சோறு. பாதிப்பேர் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மேலே தார்ப்பாய், பக்கவாட்டில் கம்பித் தடுப்பு, அவ்வளவுதான். முன்னால் இருக்கும் ஓட்டுநர் இருக்கை வார் போடாவிட்டால் அபராதம். பின்னால் இருப்பவர்களுக்கு வாரும் இல்லை, இருக்கையும் இல்லை. சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றக்கூடாது என்பதுதான் இங்கே பொதுவான சட்டம். வேலைக்குப் போகும் ஊழியர்களுக்கு மட்டும் அதில் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் அப்படி ஒரு லாரி டிப்பர் லாரியோடு மோதியதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். அப்போதும் இதே கேள்வி எழுந்தது, சில வாரம் பேசப்பட்டது, அப்புறம் அடங்கியது. அதில் போகிறவர்களில் நம் மொழி பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்தில் நின்று காய்கறி வாங்குகிறவர்கள்தான்.

சரி, இவ்வளவு கனமான விஷயம் ஏன் தோற்றுப்போகிறது? பரபரப்புச் செய்திக்கு ஒரு முகம் இருக்கிறது. ஒரு சண்டை, ஒரு தவறு, யாரைத் திட்டுவது என்பதில் ஒரு தெளிவு எல்லாம் இருக்கின்றன. அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எதையும் படிக்கவேண்டியதில்லை. தொலைபேசியில் வரும் செயலிகள் எதை மேலே தூக்கிக் காட்டுகின்றன என்று பாருங்கள்: எதற்கு அதிகப் பேர் கருத்து எழுதுகிறார்களோ, எதை அதிகப் பேர் பகிர்கிறார்களோ அதைத்தான். தகாத உறவு பற்றி எல்லாருக்கும் ஒரு கருத்து உண்டு. லாரியைப் பேருந்தாக மாற்ற எவ்வளவு செலவாகும், அதை யார் ஏற்பது, ஓட்டுநர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதைப் பற்றிக் கருத்துச் சொல்ல உட்கார்ந்து யோசிக்கவேண்டும். அதோடு, மெதுவாக நடக்கும் விஷயத்துக்கு ஒரு நாள், ஒரு தலைப்பு என்று கிடையாது. நேற்றும் அப்படித்தான் இருந்தது, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதில் 'செய்தி' எங்கே?

இதை நாம் கண்ணெதிரே பார்த்தது 2020இல். ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்குக் கொவிட்-19 கிருமித்தொற்று உறுதியானது. ஏறக்குறைய எல்லாருமே தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள். மே மாதத் தொடக்கத்திலும் தினமும் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் ஷுன்ஃபு மார்ட் சந்தையில் முகக்கவசம் போட மறுத்து, தனக்கு யாரும் சட்டம் சொல்ல முடியாது என்று வாதாடிய ஒரு பெண்ணின் காணொளி வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நாடு முழுக்கப் பரவியது. அவர் பேசியதைக் கேலி செய்து படங்கள், பாடல்கள், வசனங்கள். வீட்டில் அடைபட்டுக் கிடந்த மக்களுக்கு அது ஒரு வடிகால்தான், நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் முகக்கவசம் பற்றி நாம் பேசிய நேரத்தில், ஓர் அறையில் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்ற கேள்விகள் விடுதிகளுக்குள்ளேயே கிடந்தன. அந்த ஆண்டு இறுதியில் அமைச்சே வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு.

அதற்கப்புறம் மாற்றம் வரவில்லை என்று சொல்ல முடியாது. 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கு விதி வந்தது: ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர், அறையோடு சேர்ந்த கழிப்பறை. பழைய விடுதிகளுக்கு 2023 அக்டோபரில் ஒரு காலவரை சொன்னார்கள். இடைக்காலத் தரத்துக்கு 2030, முழுத் தரத்துக்கு 2040. இருபது ஆண்டு ஓடக்கூடிய வேலை. அந்தக் காணொளியைப் பார்த்த குழந்தை, பழைய விடுதிகள் முழுத் தரத்துக்கு வரும்போது பிள்ளை பெற்றிருக்கும். இவ்வளவு நீளமான வேலையை யாராவது தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால்தான் தேதி தள்ளிப்போகாமல் இருக்கும். பரபரப்பு நம்மிடமிருந்து முதலில் பறிப்பது இந்தத் தொடர்ச்சியைத்தான். ஒரு விஷயம் முதன்முதலில் வெடிக்கும்போது எல்லாரும் கவனிக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் இருப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பரபரப்பான செய்தி என்றாலே வெற்றுச் செய்தி என்று நினைத்துவிடக்கூடாது. பல நேரங்களில் அதன் வயிற்றுக்குள்ளேயே கனமான கேள்வி ஒன்று இருக்கும், நாம் தோலை மட்டும் பேசிவிட்டுப் போய்விடுவோம். ஈஸ்வரன் வழக்கில் இசை நாடக டிக்கெட், காற்பந்து டிக்கெட், விஸ்கி போத்தல் என்று பட்டியல் போட்டுப் பேசினோம். அவருக்கு 2024 அக்டோபர் 3ஆம் தேதி 12 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது எந்தக் குற்றங்களுக்காக என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. நீதி விசாரணைக்கு இடையூறு செய்தது ஒன்று. மற்றவை தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவின் கீழ் வந்தவை. அந்தப் பிரிவில், பொதுச் சேவையில் இருப்பவர் தன் அலுவலோடு தொடர்புள்ள ஒருவரிடமிருந்து மதிப்புள்ள பொருளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ வாங்கினாலே குற்றம். பதிலுக்கு ஏதாவது செய்துகொடுத்தார் என்று நிரூபிக்கவேண்டிய அவசியம் இல்லை. அமைச்சர்களும் அதிகாரிகளும் நண்பர்களிடமிருந்து எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பது நாட்டின் அடித்தளத்தைத் தொடுகிற கேள்வி. டிக்கெட்டுகளின் விலையைப் பேசியதில் பத்தில் ஒரு பங்கு நேரம் அதற்குப் போயிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

பதவி விலகல்களிலும் அப்படித்தான். இருவருக்குள் என்ன உறவு என்பது அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் சேர்ந்தது. நமக்கு வேண்டியது வேறு. நாடாளுமன்ற நாயகரின் அந்த உறவு பற்றி 2020 பொதுத் தேர்தலுக்குப் பிறகு தனக்குத் தெரியவந்ததாகப் பிரதமர் லீ சொன்னார். பதவி விலகல் வந்தது 2023 ஜூலையில். நாடாளுமன்றத்தை நடத்துகிற பதவியில் ஒருவரைத் தொடர்ந்து வைத்திருப்பதா இல்லையா என்று இடையில் யார், எப்படி முடிவு செய்தார்கள் என்பது ஒரு குடிமகன் கேட்கவேண்டிய கேள்வி.

சரி, கவனம் சரியான இடத்தில் நின்றால் என்ன நடக்கும்? அதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. 2024 ஜனவரி 9ஆம் தேதி, பழைய ஈசி-லிங்க் பயண அட்டைகளை ஜூன் மாதத்திலிருந்து பேருந்து, ரயிலில் பயன்படுத்த முடியாது, எல்லாரும் சிம்ப்ளிகோ என்ற புதிய கட்டண முறைக்கு மாறவேண்டும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. கட்டணத்தையும் மீதத் தொகையையும் வாசலில் தட்டும்போதே பார்க்க முடியாது என்பதுதான் மக்களின் குறை. மிகச் சாதாரணமான, சலிப்பூட்டும் விஷயம். ஆனால் ஒவ்வொருவரும் தினமும் தொடுகிற விஷயம் என்பதால் விடாமல் கேட்டார்கள். ஜனவரி 22ஆம் தேதி முடிவு மாற்றப்பட்டது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள்.

அதைவிடக் கடினமான எடுத்துக்காட்டு இன்கம் காப்புறுதி நிறுவனம். 2024 ஜூலையில் ஜெர்மனியின் அலியான்ஸ் நிறுவனம் குறைந்தது 51 விழுக்காட்டுப் பங்குகளைச் சுமார் 2.2 பில்லியன் வெள்ளிக்கு வாங்க முன்வந்தது. தொழிற்சங்கக் கூட்டுறவாகத் தொடங்கிய காப்புறுதி நிறுவனம், வெளிநாட்டுக் கைக்குப் போனபின் குறைந்த வருமானக்காரர்களுக்கு என்ன ஆகும் என்று சிலர் கேட்டார்கள். நேரமும் சரியில்லை, பாரிஸ் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது, நம் மேக்ஸ் மேடர் தேசிய தினத்தன்று வெண்கலம் வென்ற ஆண்டு. காப்புறுதி நிறுவனத்தின் மூலதனக் கணக்கை யார் படிப்பார்கள்? ஆனாலும் அந்தச் சிலர் விடவில்லை. இன்கத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி ஒருவரே பொதுவெளியில் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்தில் கேள்விகள் வந்தன. அக்டோபர் 14ஆம் தேதி அரசாங்கம் அந்த விற்பனையைத் தடுத்தது. வாங்கிய பிறகு சுமார் 1.85 பில்லியன் வெள்ளியைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இருந்தது வெளியே வந்ததுதான் முக்கியக் காரணம்.

இந்த இரண்டு கதைகளிலும் மக்கள் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: முடிவு எப்போது எடுக்கப்படுகிறது, யார் எடுக்கிறார்கள். புதிதாக இதையெல்லாம் கவனிக்க ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வதும் அதைத்தான். ஒரு செய்தி உங்களை இழுத்துக்கொண்டு போகும்போது அதைப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் நடக்காது. பாருங்கள், பேசுங்கள். கூடவே, இந்த வாரம் என்னென்ன முடிவாகப் போகின்றன என்றும் ஒரு பார்வை பாருங்கள். நம் ஊரில் இதற்கு ஒரு நாட்காட்டியே போட்டுவிடலாம். பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம், அதைத் தொடர்ந்து ஒவ்வோர் அமைச்சின் செலவு பற்றியும் விவாதம். 2024 பிப்ரவரியில் அப்படித்தான், 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிச் சிறப்புக் கணக்கு மூடப்படும் என்ற அறிவிப்பு நீண்ட உரைக்கு நடுவில் வந்தது. வயதான பெற்றோர் உள்ள வீடுகளில் அது எவ்வளவு பெரிய செய்தி! ஜூலையில் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை வரும். எந்த அமைச்சு, எந்த அரசுக் கழகம் பொதுப்பணத்தை எங்கே கவனமில்லாமல் செலவு செய்தது என்று அதில் இருக்கும். அந்த 2023 ஜூலையிலும் வந்தது. பேருந்து, ரயில் கட்டண மாற்றம் ஆண்டின் பிற்பகுதியில் அறிவிக்கப்படும். நாடாளுமன்றக் கூட்டங்களை 2021 ஜனவரியிலிருந்து நேரலையில் பார்க்கலாம். முழுதும் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது, கேள்விப் பட்டியலை மட்டும் பார்த்தாலே போதும்.

அப்புறம், பகிர்வது. பரபரப்பான ஒன்றை அனுப்புமுன் யோசியுங்கள் என்ற அறிவுரையை நிறையக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தோன்றுவது, சலிப்பான ஒன்றையும் இரண்டு வரி விளக்கத்தோடு சேர்த்து அனுப்புவது. "அம்மாவின் சேமநிதிக் கணக்கில் இது மாறுகிறது, பாருங்கள்" என்று குடும்பக் குழுவில் போட்டால் சித்தப்பாவும் அத்தையும் கட்டாயம் கேட்பார்கள். தமிழில் எழுதினால் ஆங்கில அறிக்கையைப் படிக்காமல் விட்டுவிடுகிற பெரியவர்களுக்கும் போய்ச் சேரும்.

லாரி விஷயத்தில் மழைத் தடுப்பு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று சில விதிகள் வந்திருக்கின்றன. ஆட்கள் பின்பக்கத்தில் போவது நிற்கவில்லை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் வாரந்தோறும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ சமூக நிலையத்திலோ மக்களைச் சந்திப்பார். அங்கே வீட்டுப் பிரச்சினை, வேலைப் பிரச்சினையைத்தான் சொல்லவேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. லாரிகளை எந்தத் துறையில் தொடங்கி, எந்த ஆண்டுக்குள் நிறுத்தப்போகிறார்கள், விடுதிகளுக்கு வைத்தது போல ஒரு காலவரை ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாக வைப்பீர்களா என்றும் கேட்கலாம். அங்கே கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாகவேண்டும், அந்தப் பதில் பதிவாகும், அடுத்த விபத்தின்போது அதை எடுத்துக் காட்டலாம்.